பழைய காரின் பானெட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட்: கோளாறு என்ன, காரணம் எங்கே

மாருதி 800, எஸ்டீம், அம்பாசடர் மாதிரியான வண்டிகளில் பானெட்டைத் தூக்கிப் பிடிக்க ஒற்றைக் கம்பிதான் உண்டு. அதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கேஸ் ஸ்ட்ரட் (கேஸ் அடைத்த டியூப்பிலிருந்து ராடு வெளியே தள்ளிப் பானெட்டைத் தாங்கும் தண்டு) மாட்டும் வேலை வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கப் பட்டறைகளில் இப்போது சாதாரணமாக நடக்கிறது. மாட்டிய கொஞ்ச நாளில் வரும் புகாரும் சாதாரணம்தான்: "ஸ்ட்ரட் வீக் ஆயிடுச்சுண்ணா, இன்னும் பவரா ஒண்ணு போடுங்க." போடாதீர்கள். பல வண்டிகளில் ஸ்ட்ரட் நன்றாகவே இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் பிடிக்கும் பால் ஸ்டட் (நுனியில் பந்து உள்ள போல்ட்) இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் விசையை ஏற்றினால் பானெட் நெளியும், கீல் தளரும், லாக் தேயும்.

கீழே உள்ளதெல்லாம் கண்ணாடி ஓரத்தில், அதாவது பின்பக்கம் கீல் உள்ள பானெட்டுக்கு.

கை வைப்பதற்கு முன்

பழைய தாங்கு கம்பியைக் கழற்றிக் கடாசிவிடாதீர்கள். வேலை நடக்கும்போது அதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்த பிறகும் ஸ்ட்ரட் செத்துப்போகும் நாளுக்காக அது கிடக்கட்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றுவதற்கு முன் கம்பியைப் போட்டு, கூடவே ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.

ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது நைட்ரஜன், கூடவே கொஞ்சம் எண்ணெய். 6 மி.மீ. ராடு உள்ள 100 நியூட்டன் ஸ்ட்ரட்டில் அழுத்தம் சுமார் 35 பார். 8 மி.மீ. ராடு உள்ள 400 நியூட்டன் ஸ்ட்ரட்டில் 80 பார் வரும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஆகையால் டியூப்பை அறுப்பதோ, துளை போடுவதோ, அதன் பக்கத்தில் கேஸ் கட்டிங் செய்வதோ கூடாது. பிராக்கெட் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரட்டையும் வண்டியை விட்டே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வெல்டிங் பொறி ஒன்று ராடில் ஒட்டினால் போதும், அடுத்த முறை ராடு உள்ளே போகும்போது சீல் கிழிந்துவிடும்.

எல்லாக் கோளாறுக்கும் பொதுவான அளவுகள்

சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று, டேப் ஒன்று, இரண்டும் போதும். பானெட்டைக் கழற்றி எடை போட வேண்டியதில்லை.

ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, லாக்கை விடுவித்து, பானெட்டின் முன் நுனி நடுவில் தராசைக் கொக்கி போட்டு மெதுவாகத் தூக்குங்கள். எழும்பத் தொடங்கும்போது ஒரு எண், இறக்கும்போது கொஞ்சம் குறைவாக இன்னொரு எண். கீலின் உராய்வால் வரும் வித்தியாசம் அது; இரண்டுக்கும் சராசரி எடுங்கள். அதைக் கீலிலிருந்து நுனி வரை உள்ள தூரத்தால் பெருக்கினால் கீலைச் சுற்றி பானெட் தரும் பாரம் கிடைக்கும். தராசில் 5 கிலோ, தூரம் 90 செ.மீ. என்றால் பாரம் 450 கிலோ-செ.மீ.

பானெட் திறந்து நிற்கும்போது இந்தப் பாரம் குறையும். 45 டிகிரி திறந்தால் 0.71 மடங்கு, 50 டிகிரிக்கு 0.64, 60 டிகிரிக்குச் சரிபாதி. நம் உதாரணத்தில் 50 டிகிரியில் 288.

அடுத்தது ஸ்ட்ரட்டின் கைநீளம். பானெட்டைத் திறந்து கம்பியில் நிறுத்தி, வண்டியில் உள்ள கீழ்ப் பந்திலிருந்து பானெட்டில் உள்ள மேல் பந்துக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். கீலின் நடு ஊசியிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக எத்தனை சென்டிமீட்டர் என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று என இரண்டு அளவு வேண்டும். மூடிய நிலையில் நூல் கட்ட முடியாது. கீல், இரண்டு பந்து ஆகியவற்றின் இடங்களை ஓர் அட்டையில் முழு அளவில் குறித்துக்கொண்டு அதில் அளக்கலாம். இந்த அட்டை வேலையைச் சோம்பல்பட்டு விடுபவர்கள்தான் பிறகு மூன்று முறை துளை போடுகிறார்கள்.

ஓர் அமைப்பு: கீழ்ப் பந்து கீலுக்கு 20 செ.மீ. முன்னால், 3 செ.மீ. கீழே. மேல் பந்து, பானெட் மூடியிருக்கையில் கீலுக்கு 45 செ.மீ. முன்னால், 1 செ.மீ. கீழே. மூடும்போது பந்துக்குப் பந்து 25 செ.மீ., 50 டிகிரி திறந்தால் 38 செ.மீ. கைநீளம் திறந்தால் 20 செ.மீ., மூடினால் 4.6 செ.மீ. தேவைப்படும் மொத்த விசை 288 வகுத்தல் 20, அதாவது 14.4 கிலோ. இரண்டு ஸ்ட்ரட்டுக்குப் பங்கிட்டால் 7.2 கிலோ. அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டினால் 8.6 கிலோ, 10 நியூட்டன் ஏறக்குறைய 1 கிலோ என்பதால், கடையில் 100 நியூட்டன் ஜோடி கேட்டு வாங்க வேண்டும். நீளம் 380 மி.மீ., ஓட்டம் (ராடு உள்ளே போகும் தூரம்) 140 மி.மீ. முழுதாக அமுங்கினால் 240 மி.மீ.; மூடிய தூரம் 250 என்பதால் 10 மி.மீ. மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு முக்கியம் என்பது மூன்றாவது கோளாறில் தெரியும்.

நீளம் என்பது பந்தின் நடுவிலிருந்து பந்தின் நடுவுக்கு. கடைக்காரர் டியூப்பை மட்டும் அளந்து சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

1. மதியம் நிற்கிறது, விடியற்காலையில் இறங்கிவிடுகிறது

ஸ்ட்ரட் கெடவில்லை. விசை விளிம்பில் இருக்கிறது. டியூப்பில் அச்சடித்த நியூட்டன் எண் 20 டிகிரி வெப்பத்துக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் விசை சுமார் 3.4 சதவீதம் கூடும், கீழே போனால் அதே அளவு குறையும். ஓடி வந்த என்ஜின் சூட்டில் ஸ்ட்ரட் 70 டிகிரிக்குப் போனால் 100 நியூட்டன் 117 ஆகிவிடும். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரித் தெருவில் நிற்கும் வண்டிக்கு என்ஜின் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. மார்கழி விடியலில் அதே ஸ்ட்ரட் 99க்கு வந்து நிற்கும். ஏலகிரியில் இரவு தங்கிய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆகவே சோதனையை எப்போதும் குளிர்ந்த வண்டியில், விடிந்ததும் செய்யுங்கள். பானெட்டை முழுதாகத் திறந்து, முன் நுனியை ஒரு விரலால் தட்டுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கித் திரும்ப ஏறினால் சரி. இறங்கிக்கொண்டே போனால், மேலே சொன்ன கணக்கை மறுபடி போட்டு அடுத்த அளவு ஸ்ட்ரட் வாங்கலாம். 80 இருந்தால் 100, 100 இருந்தால் 120. நேராக 200க்குத் தாவ வேண்டாம்.

அல்லது மேல் பந்தை முன்பக்கம் நகர்த்தலாம் என்று சிலர் செய்வார்கள். நம் உதாரண அமைப்பில் அதனால் திறந்த நிலையின் கைநீளம் கூடாது, இன்னும் நீளமான ஸ்ட்ரட்தான் தேவைப்படும். பழைய ஸ்ட்ரட்டையே வைத்துக்கொண்டு பந்தை மட்டும் நகர்த்தினால் பானெட் முன்பு திறந்த அளவு திறக்காது.

2. எந்த நேரத்திலும் நிற்கவில்லை

முதலில் பானெட்டில் என்ன கூடியிருக்கிறது என்று பாருங்கள். டிங்கர் வேலை முடித்து பட்டி கனமாக ஏறியிருக்கும். இல்லையென்றால் உள்ளே சத்தம் அடக்கும் தார் ஷீட் ஒட்டியிருப்பார்கள். தராசு எண்ணை மீண்டும் எடுங்கள்.

பானெட் பாரம் மாறவில்லை என்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றி, குளியலறை எடை மிஷின் மேல் ஒரு பலகைத் துண்டு வைத்து, ராடு கீழே இருக்கும்படி நிறுத்தி நேராக அழுத்துங்கள். அமுங்கத் தொடங்கும்போது எண் கூடுதலாகவும், கையைத் தளர்த்தி வெளியே வர விடும்போது குறைவாகவும் காட்டும். அச்சடித்த எண் வெளியே தள்ளும் விசை என்பதால், இரண்டாவது எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ராடு முழுதாக வெளியே வருவதற்குச் சற்று முன் பாருங்கள். 100 நியூட்டன் ஸ்ட்ரட் 10 கிலோ பக்கம் காட்ட வேண்டும். 8க்குக் கீழே போனால் அதன் காலம் முடிந்தது. அழுத்தும்போது நழுவினால் தாடையில் அடிக்கும், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள்.

ஒரு பக்கம்தான் போயிருக்கிறது என்றாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பானெட் முறுக்கிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து டிங்கர் கூலி ஸ்ட்ரட் விலையைத் தாண்டும்.

3. மூடவில்லை, அல்லது அடித்து மூட வேண்டியிருக்கிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. மூடவில்லையே என்று இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். அழுத்தாதீர்கள்.

ஸ்ட்ரட் அதன் கடைசி வரை அமுங்கிவிட்டு அதற்கு மேல் இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தால், அது அப்போது ஸ்ட்ரட் இல்லை, இரும்புத் தடி. மேலே சொன்ன உதாரண அமைப்பில் நுனியில் 10 கிலோ அழுத்தினால், பானெட்டின் பாரமும் சேர்ந்து ஒவ்வொரு பந்திலும் கிட்டத்தட்ட 150 கிலோ ஏறும். கைநீளம் 4.6 செ.மீ.தான், நீங்கள் அழுத்துவதோ 90 செ.மீ. தள்ளி. பானெட் தகடு பந்துக்கு மேலே முட்டை மாதிரி புடைக்கும், அல்லது ஏப்ரன் (என்ஜின் அறையின் பக்கச் சுவர்) தகட்டைப் பிய்த்துக்கொண்டு ஸ்டட் வெளியே வரும்.

முட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ராடில் டியூப்பை ஒட்டி ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். பானெட்டை, பிடிக்கும் மட்டும் மெதுவாக இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். டியூப் அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். வளையத்துக்கும், ராடின் முனையில் பந்தைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால் ஸ்ட்ரட் முட்டுகிறது. 5 மி.மீ.க்குக் குறைவாக மிச்சம் இருந்தாலும் போதாது. என்ஜின் அதிர்வில், பானெட்டின் ரப்பர் முட்டு தேயத் தேய அந்த இடமும் போய்விடும். 10 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஸ்ட்ரட்டே வாங்கவில்லை என்றால், ஒன்றின்மேல் ஒன்று நழுவும்படி இரண்டு மரப்பட்டைகளை ரப்பர் பேண்டால் கட்டி இரண்டு பந்துக்கும் இடையில் நிறுத்தி மூடுங்கள். திறக்கும்போது பட்டை விரியாமல் இருக்க வேண்டும் என்பதால் முனைகளைப் பந்தில் கட்டாமல் சும்மா முட்டக் கொடுங்கள். மூடிய தூரம் பட்டையில் அப்படியே கிடைக்கும்.

முட்டவில்லை, ஆனாலும் லாக் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால் கீழ்ப் பந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஏப்ரனில் நல்ல கெட்டியான இடம் எப்போதும் கொஞ்சம் கீழேதான் கிடைக்கும். அங்கே துளை போடுவது சுலபம். உதாரணத்தில் கீழ்ப் பந்தை 5 செ.மீ. இறக்கினால் மூடிய நிலையின் கைநீளம் 4.6இலிருந்து 13 செ.மீ. ஆகிவிடும். ஸ்ட்ரட் அமுங்கிய நிலையில் விசை சுமார் 1.3 மடங்கு ஆகும் என்பதையும் சேர்த்தால், இரண்டும் சேர்ந்து மேலே தள்ளுவது 340 கிலோ-செ.மீ. பானெட்டின் பாரமோ 450. மீதி 110, நுனியில் அது 1.2 கிலோ. வண்டி சூடானால் அரை கிலோ சொச்சம். அதாவது பானெட் மிதக்கிறது. இரண்டு விரல் உயரத்தில் லாக்குக்கு மேல் போட்டால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டிய பானெட், இப்போது அடித்தால்தான் பூட்டும்.

மிதக்கும் பானெட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவது விளையாட்டில்லை. லாக் சரியாக விழாமல் இரண்டாவது கொக்கியில் மட்டும் நிற்கும் வண்டி, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி வேகம் எடுத்தால் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். மூடிய நிலையில், ஸ்ட்ரட்டோடு சேர்த்து, நுனியைத் தூக்கத் தராசில் குறைந்தது 2 கிலோவாவது காட்ட வேண்டும். என்ஜின் சூட்டோடு ஒருமுறை இதைப் பாருங்கள். காலைச் சோதனை நிற்பதற்கு, சூட்டுச் சோதனை மூடுவதற்கு.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கீழ்ப் பந்தைக் கீலை விட மேலே வைத்துவிட்டால், மூடும்போது ஸ்ட்ரட்டின் கோடு கீலைத் தாண்டி மேலே போய்விடும். அப்போது அது பானெட்டைக் கீழே அழுத்தும். லாக்கை விடுவித்தாலும் பானெட் எழும்பாது. விரல் நுழையவே இடம் இருக்காது. ஒரு 5 மி.மீ. இறக்கிப் பார்த்தால் சரியாகிவிடும், அதற்காகவே கீழ்ப் பிராக்கெட்டில் நீள்துளை வைப்பது நல்லது.

4. லாக்கை இழுத்ததும் துள்ளி எழுகிறது, இறக்க ஆள் பலம் வேண்டியிருக்கிறது

காயலான் கடையிலிருந்து வந்த ஹேட்ச்பேக் டிக்கி ஸ்ட்ரட். விலை குறைவு, பந்தும் சாக்கெட்டும் கூடவே கிடைக்கும் என்பதால் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். அவற்றின் விசை 300, 400 நியூட்டன் பக்கம் இருக்கும். கண்ணாடியோடு கூடிய பின்கதவைத் தூக்கச் செய்தது அது. நம் உதாரண பானெட்டில் 400 நியூட்டன் ஜோடி போட்டால், திறந்த பானெட்டை இறக்கவே நுனியில் 14 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். மூடிய நிலையிலோ மேலே தள்ளுவது 478, பானெட் பாரம் 450. லாக் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கிறது.

இதற்குப் பந்து இடத்தை மாற்றித் தீர்வு காண முடியாது. ஸ்ட்ரட்டை மாற்றுங்கள். வால்வு வைத்து கேஸைக் கொஞ்சம் இறக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமும் போகாதீர்கள். கார் ஸ்ட்ரட்டில் அப்படி வால்வு வைப்பதில்லை, துளைதான் போடுவார்.

எண் அழிந்த ஸ்ட்ரட் என்றால் எடை மிஷினில் பார்த்துவிட்டே வாங்குங்கள். கடையிலேயே கையால் அமுக்கிப் பார்ப்பதும் ஓரளவு உதவும்: உள்ளங்கையில் வைத்து ஓர் ஆள் சிரமமின்றி அமுக்கினால் அது 100 பக்கம், மேஜையில் நிறுத்தி உடம்புப் பாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தால் 300க்கு மேல்.

எழுவது நிதானமாகத்தான், ஆனால் கடைசியில் "டங்" என்று அடிக்கிறது என்றால் கதை வேறு. ஸ்ட்ரட் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கடைசி ஓட்டத்தை மெத்தென்று நிறுத்துவது உள்ளே உள்ள எண்ணெய். ராடு கீழே, டியூப் மேலே என்று மாட்டினால்தான் அந்த எண்ணெய் வேண்டிய இடத்தில் தேங்கி நிற்கும்; சீலும் நனைந்தே இருக்கும். ஆகவே ராடு முனை ஏப்ரனில், டியூப் முனை பானெட்டில். திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் போதும்.

5. கண்ணாடி ஓரத்துப் பின்மூலை தூக்கி நிற்கிறது, தகட்டில் நெளிவு

விசை அதிகமா என்று நான்காவதில் சொன்னபடி பாருங்கள். முட்டுகிறதா என்று மூன்றாவதைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பிராக்கெட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பானெட் என்பது வெளித்தகடு ஒன்று, உள் ஃப்ரேம் ஒன்று, ஓரங்களில் மடித்து ஒட்டியது. பிராக்கெட் உள் ஃப்ரேமின் குழல் பகுதியில், இரண்டு மடிப்பு சேரும் இடத்தில் உட்கார வேண்டும். வெளித்தகட்டைத் தொடவே கூடாது. உள் ஃப்ரேம் தகடும் ஒரு மி.மீ.க்குக் கீழேதான் இருக்கும், அதனால் 2.5 அல்லது 3 மி.மீ. இரும்புத் தகட்டில் 60க்கு 40 மி.மீ. துண்டு ஒன்றை உள்ளே நுழைத்து, அதில் நட்டு வெல்டிங் வைத்து, விசையைப் பரப்புங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத், ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் அட்டை மாதிரியைக் கொடுத்தால் ஜோடியாக வெட்டி வளைத்துத் தருவார்கள். இடது, வலது என்று இரண்டு மாதிரி கொடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கொடுத்தால் ஒன்று திரும்பிய பக்கம் இருக்கும்.

பின்மூலை மட்டும் தூக்குகிறது என்றால் கீல் போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது கீல் ஊசி தேய்ந்திருக்கும். கம்பி மட்டும் இருந்த காலத்தில் கீலுக்கு இப்படியொரு தள்ளு வந்ததே இல்லை. பானெட்டைப் பாதி திறந்து பின்மூலையைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் முதலில் கீலைச் சரிசெய்துவிட்டுத்தான் ஸ்ட்ரட்.

6. சாக்கெட் கழன்று விழுகிறது, ராடு வளைந்திருக்கிறது

பந்தின் தண்டு கீல் ஊசிக்கு இணையாக, அதாவது வண்டியின் குறுக்கே கிடைமட்டமாக இருக்க வேண்டும். மேல் பந்தும் கீழ்ப் பந்தும் மேலிருந்து பார்க்கும்போது ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பானெட் ஓரம் உள்வாங்கி இருப்பதால் மேல் பந்து உள்பக்கமாக 2, 3 செ.மீ. விலகிப் போவது சகஜம். அப்படியே விட்டால் ஸ்ட்ரட் சாய்ந்து வேலை செய்யும். சாக்கெட் பந்தின் கழுத்தில் உரசி நெம்பிக்கொண்டு வெளியே வரும். அது வரவில்லையென்றால் ராடு சீலை ஒரு பக்கமாகத் தேய்க்கும். மேல் பிராக்கெட்டை வெளியே தள்ளிச் செய்யுங்கள், அல்லது கீழ்ப் பந்துக்கு நீளத் தண்டு போடுங்கள். வாஷரை அடுக்கி உயர்த்துவது 5 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் ஒரே புஷ்ஷாகக் கடைந்து போடுங்கள்.

இன்னொரு காரணம், பந்தும் சாக்கெட்டும் வேறு வேறு அளவு. பரவலாகக் கிடைப்பது 10 மி.மீ. பந்து, 8, 13 மி.மீ. பந்துகளும் உண்டு. வெர்னியர் வைத்துப் பாருங்கள். 8 மி.மீ. பந்தில் 10 மி.மீ. சாக்கெட் மாட்டிக்கொள்ளும், ஆட்டத்தோடு.

கழற்றும்போது சாக்கெட்டைப் பந்தில் பிடித்து வைக்கும் கிளிப்பை முழுக்க உருவ வேண்டாம். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மூன்று நான்கு மி.மீ. நெம்பினாலே சாக்கெட் விடுபடும். உருவி எடுத்த கிளிப் என்ஜினுக்குள் விழுந்தால் தேடுவதே ஒரு வேலை.

7. ராடில் எண்ணெய்ப் பிசுக்கு

மெல்லிய ஈரப் படலம் இருந்தால் கவலை இல்லை. சொட்டும் அளவுக்கு, புழுதி ஒட்டிக் கறுப்பாக வளையம் கட்டும் அளவுக்கு வந்தால் சீல் போய்விட்டது. சீல் மாற்றும் வேலையெல்லாம் கிடையாது, ஜோடியாகப் புதிது.

புதிதும் சீக்கிரம் போகாமலிருக்க, சீல் எதனால் போனது என்று ராடில் பாருங்கள். நீளவாக்கில் கீறல் இருந்தால் பிளையரால் பிடித்துத் திருகியிருக்கிறார்கள். புள்ளிப் புள்ளியாகத் துரு என்றால் உப்பு ஈரம். பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் உப்பிட்ட தோல் ஏற்றும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பெயிண்ட் துளி இருந்தால், டிங்கர் கடையில் ஸ்பிரே அடிக்கும்போது ராடை மூடவில்லை. பாலாற்று மணல் புழுதிக்காக ராடில் கிரீஸ் தடவி வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது புழுதியைப் பிடித்து வைத்து சீலுக்கே உப்புத்தாள் போடும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

8. சத்தம், உரசல், தீப்பொறி

கீச்சென்றால் பந்து காய்ந்திருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றி உள்ளே ஒரு பட்டாணி அளவு கிரீஸ். கடகடவென்றால் பிராக்கெட் போல்ட்.

தீப்பொறி மட்டும் தனி. ஸ்ட்ரட் இரும்பு, இரண்டு முனையும் பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது. மூடும்போது அது பேட்டரி பிளஸ் முனையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய வண்டிகளில் பேட்டரி ஓரமாக, ஸ்ட்ரட் போகும் வழியிலேயே இருக்கும். பிளஸ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். ஸ்ட்ரட்டுக்கும் அதற்கும் குறைந்தது 2 செ.மீ. இடைவெளி வேண்டும். மற்ற இடங்களில், பிரேக் ஆயில் டப்பா, பிளக் ஒயர், வைப்பர் மோட்டார் பக்கம், 1 செ.மீ. போதும். ஆனால் என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஆடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எங்கே தொடுகிறது என்று தெரியவில்லையா? ஸ்ட்ரட்டில் சுண்ணாம்பு தடவி மூடித் திறந்தால் தொட்ட இடத்தில் வெள்ளை இருக்கும்.

9. போல்ட் தளர்கிறது, ரிவெட் நட் சும்மா சுற்றுகிறது

ஏப்ரன் தகட்டில் நேராக மரை வெட்டி எம்6 போல்ட் போட்டால் அது நிற்காது. தகட்டில் ஒரு மரைகூட முழுதாக விழாது. ரிவெட் நட் (தகட்டுத் துளையில் நுழைத்து ரிவெட் போல நசுக்கிப் பிடிக்க வைக்கும் நட்) ஓரளவு தாங்கும், துளை சரியான அளவில் இருந்தால். அரை மி.மீ. பெரிதாகிவிட்டாலும் சுற்றத் தொடங்கும். சுற்றும் ரிவெட் நட்டைத் திருப்பி அடித்து இறுக்க முயலாமல், அதன் தலையை டிரில்லால் எடுத்துவிட்டு, பின்பக்கம் தகடு வைத்து நைலாக் நட்டோடு (நைலான் வளையம் உள்ள, தளராத நட்) எம்8 போடுங்கள். பின்பக்கம் கை நுழையாத இடம் என்றால் பக்கத்திலேயே ஏற்கனவே இருக்கும் ஃபெண்டர் போல்ட் இரண்டைப் பிடித்து உட்காரும் பிராக்கெட் செய்வது மேல். புதுத் துளையே வேண்டாம்.

எம்6 போல்ட்டை இறுக்க 8 முதல் 10 நியூட்டன்-மீட்டர் போதும். நீளமான ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு இழுத்தால் மரை போய்விடும்.

போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்புக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பிராக்கெட்டை உட்கார வையுங்கள். கைவிட்ட பழைய துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் பெட்டிப் பகுதிக்குள் இறங்கி வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கும். காயலான் கடையில் போடும்போதும் உள்ளே கேஸ் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், அவர் கட்டர் வைப்பதற்கு முன்.